ஒருத்திக்கு எவ்வளவு அரிசி

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதம் ஒட்டப்படும். வங்காளத்தின் தீகா கடற்கரையில் ரிக்ரியேஷன் கிளப் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு மாடியில் இரண்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு வராந்தா. வராந்தாவில் நின்றால் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். குளிர்கால வாரங்களுக்கு மெம்பர்கள் பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாத்திரங்கள் அங்கே உண்டு. ஸ்டவ்வும் படுக்கை விரிப்பும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

பதினோரு வருடமாக அதைப் படித்துவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் செக்ஷனில் போகாதவர்கள் கிடையாது. போய்விட்டு வந்த திங்கட்கிழமை முகம் கறுத்து, கைப்பையில் கிளிஞ்சல் பொம்மைகளோடு வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டில் லீவு என்றால் மெட்ராஸ் மெயில்தான். ஒரு வருடம் மன்னியின் தங்கை கல்யாணம், ஒரு வருடம் பெரியப்பா பேரனுக்குப் பூணூல், ஒரு வருடம் யாருக்கோ சஷ்டியப்தபூர்த்தி. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி இருக்கும் எங்கள் மாதிரிக் குடும்பங்கள் லீவைச் சேர்த்து வைப்பதே உறவுக்காரர்களின் பத்திரிகைகளுக்காகத்தான். எழுபத்துமூன்றாம் வருடம் அதிசயமாக ஒரு பத்திரிகையும் வரவில்லை.

ஒரு மத்தியானம் டிபன் டப்பாவை அலம்பி வைத்துவிட்டு, கிளப் அறைக்குப் போய் ஒரு ஃபார்ம் வாங்கி வந்தேன். பெயர், செக்ஷன், தேதி எல்லாம் எழுதியாயிற்று. கீழே ஒரு கட்டம். தங்கப்போகிறவர்களின் பெயர், வயது, மெம்பருக்கு என்ன உறவு. ஆறு வரிகள் இருந்தன. முதல் வரியில் ஷியாமளா என்றும், முப்பத்தெட்டு என்றும், ஸெல்ஃப் என்றும் எழுதினேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என் வேலை, பாலிசி கேட்டு வருகிறவர்களின் ஃபார்ம்களைச் சரிபார்ப்பது. காலியாக விட்ட வரி எங்களுக்கு ஆகாது. பின்னால் யாராவது ஒரு பெயரையோ ஒரு வியாதியையோ அதில் செருகிவிடலாம். அதனால் காலி வரிகளின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, ஓரத்தில் இனிஷியல் வைத்துவிடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது ஃபார்ம். அன்றைக்கும் என் கை அதைத்தான் செய்தது. மீதி ஐந்து வரிகளையும் அடித்து, இனிஷியல் வைத்து, கிளப் செக்ரெடரி குஹா பாபுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"ஏகா?" என்றார். தனியாகவா என்று. அவரோடு பேச்செல்லாம் வங்காளியில்தான்.

"ஆமாம்."

"வேற யாரும்?"

"இல்லை."

மேஜை டிராயரிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எதற்கும் அதைப் பார்க்காமல் அவர் பதில் சொல்ல மாட்டார். "மெம்பரும் குடும்பமும்னு போட்டிருக்கு. குடும்பத்துல எத்தனை பேர் இருக்கணும்னு போடலை," என்றார். அந்தக் கண்டுபிடிப்பு அவருக்கே பிடித்திருந்தது போலிருந்தது. "சரி. பிப்ரவரியில அங்க காத்து ஜாஸ்தி. மங்க்கி கேப் மறக்காதீங்க."

டிசம்பர் நடுவில் பட்டியல் வந்தது. இரண்டாம் நம்பர் வீடு, பிப்ரவரி ஆறு முதல் பத்து வரை, எஸ். ஷியாமளா. டைப் அடித்த அந்த வரியைப் படித்துவிட்டுப் போய், மறுபடி வந்து படித்தேன்.

நான் என் அண்ணா மஹாதேவன் வீட்டில் இருக்கிறேன். அப்பா போன பிறகு, இருபத்தியாறு வயதில் இங்கே வந்தேன். ஒன்றிரண்டு ஜாதகங்கள் வந்தன, போயின. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு அறைகளில் ஒன்று அண்ணாவுக்கும் மன்னிக்கும். இன்னொன்றில் நானும் அவர்கள் பெண் பட்டுவும். சாப்பாடும் அதில்தான். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஜுரம் வந்தால் மன்னி இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குறை என்று சொல்ல ஒன்று இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்லவும் தெரிந்திருக்காது. ஒரு கதவை நானே திறந்து, நானே பூட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மன்னி எப்போதும் வீட்டில் இருப்பதால் எனக்கு வீட்டுச் சாவி தேவைப்பட்டதே இல்லை. ஆபீஸில் என் மேஜை டிராயருக்கும் பூட்டு கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. முப்பத்தெட்டு வயதில் என்னிடம் ஒரு சாவிகூடக் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை, பாதி சொன்னேன்.

"ஆபீஸ்ல தீகாவுல வீடு குடுத்திருக்கா அண்ணா. பிப்ரவரியில, நாலு நாள்."

"பேஷ்," என்றார் அண்ணா. "எனக்கும் லீவு மீந்துண்டு இருக்கு. போயிட்டு வந்துடலாம்."

மன்னி குழம்புக் கரண்டியோடு நின்றாள். நாகலக்ஷ்மி என்று பெயர். எல்லாவற்றுக்கும் முதலில் ஓர் ஆட்சேபம் வைத்திருப்பாள். "தீகாவுல என்ன இருக்கு? புரின்னாலாவது ஸ்வாமி இருக்கார்."

"சமுத்திரம் இருக்கு மன்னி."

"அது புரியிலயும்தான் இருக்கு."

"தாருண் ஜாயகாம்மா," என்றாள் பட்டு. அவளுக்குச் சந்தோஷம் வந்தால் வங்காளிதான் வரும். "பிரமாதமான இடம். எங்க கிளாஸ் சம்பா போயிருக்கா. சாயங்காலம் கடல் உள்ள போயிடுமாம், மணல்ல சைக்கிளே விடலாமாம்."

அந்த மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டு, தனியாகப் போகிறேன் என்ற மறுபாதியைச் சொல்ல முடியவில்லை. மோரை ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி முழுக்க மன்னி தயார் செய்துகொண்டிருந்தாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இரண்டு டப்பா முறுக்கு. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்கக் கொடுக்கும்போதே "தீகாவுக்கு" என்று கடைக்காரரிடம் சொன்னாளாம். ஜாம்ஷெட்பூரில் இருக்கும் தங்கை சாவித்ரிக்கும் கடிதம் போட்டுவிட்டாள்.

"அவாளும் வராளா?" என்றேன்.

"அவ எங்க போறா, எங்க வரா? மூணு பேர்தானே."

"ரூம் ஒண்ணுதான் மன்னி."

"கல்யாணச் சத்திரத்துல முப்பது பேர் படுத்துக்கலையா? நீயும் நானும் சமையல் உள்ளுல படுத்துண்டா ஆச்சு."

அதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வராந்தா நிரம்பிக்கொண்டே வந்தது. டிராமில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினால், சவுக்கு மரங்களுக்கு முன்னால் துண்டுகள் உலர்ந்தன. யாரோ காப்பி கேட்டார்கள். நான் ஏழு பேருக்குச் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கடல் இருந்தது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. குழந்தை சந்தோஷப்படுகிறாள். மன்னி மெட்ராஸ் மெயிலைத் தவிர வேறு ரயிலில் ஏறியது கிடையாது. நான் மட்டும் அப்படி எதற்குப் போக வேண்டும்? ஒவ்வொரு காலையும் இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கிளம்புவேன். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அது கரைந்துபோயிருக்கும்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் பியூன் வந்து, குஹா பாபு கூப்பிடுகிறார் என்றான். கிளப் அறைக்குப் போனால் அங்கே அண்ணா உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். தங்குகிறவர்களின் பெயரைச் சேர்க்க வேண்டுமே என்று மத்தியான இடைவேளையில் தானே வந்திருக்கிறார்.

குஹா பாபுவின் முன்னால் என் ஃபார்ம் இருந்தது.

"நீங்களே சொல்லுங்க தீதி," என்றார் என்னிடம். "உங்க அண்ணா, வீட்டுல எல்லார் பேரையும் சேருன்னு சொல்றார். இங்க கோடு போட்டிருக்கு, இனிஷியல் இருக்கு. இதுக்கு மேல என் கையால ஒரு எழுத்து எழுத மாட்டேன். நாளைக்குக் கமிட்டியில கேட்பாங்க."

"புது ஃபார்ம் குடுங்களேன்," என்றார் அண்ணா.

"தேதி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு." குஹா பாபு பேனா மூடியைக் கழற்றினார். "ஒரு வழிதான் இருக்கு. கோடு போட்டவங்களே கோட்டை ரத்து பண்ணி, பக்கத்துல இன்னொரு இனிஷியல் வைக்கணும். அப்புறம் அஞ்சு பேர் இல்ல, பத்துப் பேரைக்கூட எழுதிக்கங்க." பேனாவை என்னிடம் நீட்டினார்.

"போடு ஷியாமு," என்றார் அண்ணா, சிரித்துக்கொண்டே. "வீட்டுக்காரியத்துலயும் ஆபீஸ் புத்தி. கோடாம் கீடாம்."

பேனாவை வாங்கிக் குனிந்தேன். அந்தக் கோட்டை நான் யோசித்துப் போடவில்லை, கைப்பழக்கம் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். நாற்பது ஃபார்மில் நான் போடும் கோடு எனக்குத் தெரியும். ஒரே இழுப்பு, அவசரமாக, நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும். இது அப்படி இல்லை. என் பெயருக்கு நேர் கீழே ஆரம்பித்து, ஆறாவது வரியின் மூலைவரை, ஸ்கேலை அழுத்தி இரண்டு தடவை இழுத்திருந்தேன். காகிதத்தின் பின்பக்கம் தடித்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

இரண்டு தடவை. என் கைக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

"வேண்டாம் அண்ணா," என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"நான் தனியாப் போயிட்டு வரேன்."

குஹா பாபுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டிராயரைத் திறந்து அதில் எதையோ வெகுநேரம் தேட ஆரம்பித்தார்.

அண்ணாவின் சிரிப்பு போக மனமில்லாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "நாங்க என்னடி பண்ணினோம்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலை அண்ணா."

"பின்ன?"

"ஒண்ணுமே இல்லை. நாலு நாள்தானே. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

"அங்க உனக்கு யார் இருக்கா?"

"யாரும் இல்லை," என்றேன். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். அண்ணா குடையை எடுத்துக்கொண்டு, குஹா பாபுவுக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் முடியும்வரை அங்கேயே நின்றிருந்தேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பத்து நாள். அண்ணா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மன்னி என்னிடம் நேராகப் பேசாமல் பட்டு மூலமாகப் பேசினாள். "அத்தையைக் கேளு, மகாராணிக்கு ரெண்டாவது காப்பி வேணுமான்னு." ஜாம்ஷெட்பூருக்கு, வர வேண்டாம் என்று கடிதம் எழுதி, என்னையே தபாலில் போடச் சொன்னாள். போட்டேன். பட்டு பக்கத்துப் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "என்னையாவது கூட்டிண்டு போலாமோன்னோ," என்றாள் ஒரு நாள். அப்போது மட்டும் கிட்டத்தட்ட விட்டுக்கொடுத்துவிட்டேன். அவள் பின்னலைத் தொட்டேன். "அடுத்த வருஷம் நீயும் நானும்," என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

"இந்த வருஷம் ஏன் இல்லை?"

"இந்த வருஷம் நான் போய் பழகிண்டு வரேன்."

அவள் யோசித்தாள். பன்னிரண்டு வயதுக்கு அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது, சமையலறை வாசலில் சின்னத் திரி ஸ்டவ் துடைத்து வைத்திருந்தது.

"புதுத் திரி போட்டிருக்கேன்," என்றாள் மன்னி. பத்து நாளில் அவள் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "மண்ணெண்ணெய் அங்க வாங்கிக்கோ. பஸ்ல கொட்டித்துன்னா எல்லாரும் உன்னைத்தான் வைவா. பருப்புப்பொடி இதுல இருக்கு. புளிக்காய்ச்சல் கெடாது." துணிப்பை ஒன்றை விரித்தாள். "அரிசி எவ்வளவு கட்டட்டும்?"

"தெரியலையே மன்னி."

"ஒரு வேளைக்கு ஒருத்திக்கு எவ்வளவு ஆகும்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை அரிசி அளக்கிறவள். நான் பிறந்ததிலிருந்து சாதம் சாப்பிடுகிறவள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மன்னி ஆழாக்கை எடுத்து நிரப்பினாள். கொஞ்சம் திரும்பக் கொட்டினாள். மறுபடி போட்டாள். "நாலு பேருக்குக் கண்ணை மூடிண்டு போடுவேன். கிராமத்துலேந்து பத்துப் பேர் வந்தாலும் போடுவேன். இது பிடிபட மாட்டேங்கறதே," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணா அடுத்த அறையில் பேப்பரை மடக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் அவள் தரையில் உட்கார்ந்து பையின் வாயைக் கட்டினாள். தலை நிமிராமல், "பயமா இல்லையா?" என்றாள்.

"இருக்கு."

"அப்பறம் எதுக்குடி?"

"பயமாவும் இருக்கு, போகணும்னும் இருக்கு."

முடிச்சை இறுக்கினாள். ஒன்று போதாதென்று இன்னொன்று போட்டாள். "கல்யாணமாகி பதினாலு வருஷமாச்சு. எனக்குன்னு மட்டும் ஒரு நாள் உலை வெச்சதில்லை. வெச்சா என்ன சமைச்சுப்பேன்னுகூடத் தெரியலை," என்றாள். என்னிடம் சொல்வது போலவே இல்லை. பிறகு பையை என் பக்கம் தள்ளினாள். "எவ்வளவு ஆறதுன்னு பாத்து எழுது."

காலையில் எஸ்பிளனேடில் தீகா பஸ்வரை அண்ணா ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், வெளியே நின்றுகொண்டு கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். புதுப் பூட்டு. எண்ணெய் வாசனை போகவில்லை.

"அங்க என்ன பூட்டோ, எத்தனை பேர் கை பட்டதோ," என்றார். "இதைப் போட்டுக்கோ. ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணைத் தனியா வை."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். என்னிடம் ஒரு சாவியும் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பயத்தில் வாங்கியிருக்கிறார்.

"சரி அண்ணா," என்றேன்.

"உள் தாப்பாளும் போட்டுக்கணும்," என்றார். பஸ் கிளம்பியபோது கூடவே நாலடி நடந்து வந்தார்.

தீகாவில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் என் சாமானை இறக்கிவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸிலா என்று கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். இரண்டாம் நம்பர் வீட்டைத் திறந்துவிட்டு, கீழே இறங்கிப் போய்விட்டார்.

சுண்ணாம்பு அடித்த சுவர். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள். ஒரு மரக்கட்டில். வராந்தாவில் நோட்டீஸ் சொன்னபடியே சவுக்கு மரங்கள், அவற்றின் நடுவே சாம்பல் நிறத்தில் கடல். நான் பையைத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாராவது கூப்பிடுவார்கள் என்று காது தானாகக் காத்திருந்தது. ஒருவரும் கூப்பிடாததில் முதலில் ஒரு பயம் வந்தது, அழுகைகூட வந்தது. இதற்காகவா அண்ணாவை அந்த அறையில் அப்படி நிற்க வைத்தேன் என்று நினைத்தேன். பிறகு பசித்தது. எழுந்து உலை வைத்தேன்.

அன்றைக்கு ஒரு ஆழாக்கு போட்டேன். மிகவும் அதிகம், மிச்சத்தைக் காவல்காரரின் நாய் சாப்பிட்டது. மறுநாள் அரை ஆழாக்கு; போதவில்லை, சாயங்காலம் மன்னியின் முறுக்கைத் தின்றேன். வெள்ளிக்கிழமை சரியாக வந்தது. தட்டை வராந்தாவுக்கு எடுத்துப்போய், பருப்புப்பொடி சாதத்தை மெதுவாகச் சாப்பிட்டேன். தண்ணீர் உள்வாங்கி, ஈரமணல் வெகுதூரம் பளபளத்தது. சம்பா சொன்னது சரிதான். ஒருவன் அதில் சைக்கிள் விட்டுக்கொண்டு போனான். பட்டுவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கும்போது அவர்களைப் பற்றி இப்படி நின்று நிதானமாக நினைத்ததில்லை. அவர்கள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

தட்டை அலம்பிவிட்டு ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன்.

"மன்னிக்கு நமஸ்காரம். ஒரு வேளைக்கு முக்கால் ஆழாக்கு சரியாக இருக்கிறது. கடல் காற்றில் பசி கொஞ்சம் அதிகம். கத்தரிக்காய் வதக்கினேன். நன்றாக இருந்தது."

கார்டில் பாதிக்குமேல் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

"அடுத்த வருஷத்து ஃபார்ம் நவம்பர் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். பட்டுவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தனியாக வர வேண்டுமானாலும் என் பெயரில் கேட்டுப் பார்க்கலாம். குஹா பாபு விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார்."

அதற்குக் கீழேயும் இடம் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

தபால் பெட்டி பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. கதவைச் சாத்தி, அண்ணாவின் பூட்டை மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினேன்.